பி.இ.டி. பீரியட்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் 22 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் 'பி.இ.டி. சார்'. பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களின் மேசை முன்னால் வரிசை நிற்கும். என் மேசைக்கு யாரும் வருவதில்லை. கூட்டம் முடிந்து, கேட்டுக்கு வெளியே வண்டியைக் கிளப்பும்போதுதான் "சார், ஒரு விஷயம்..." என்று இழுப்பார்கள். அப்படி வண்டியில் உட்கார்ந்தபடியே கேட்கப்பட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை. பதில்களை மட்டும் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெம்பில்லை என்கிறார்களே, உண்மையா? இல்லை, 'எங்க காலத்துல' என்கிற வழக்கமான புலம்பலா?

புலம்பலும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது.

2013-ல் அமெரிக்க இதய சங்கத்தின் மாநாட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 28 நாடுகளில் 9 முதல் 17 வயது வரையுள்ள சுமார் 2.5 கோடிப் பிள்ளைகளின் ஓட்டப் பதிவுகளை, 1964 முதல் 2010 வரை எடுக்கப்பட்டவற்றை, ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வு அது. ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர் ஓட இன்றைய பிள்ளைக்கு முப்பது வருஷத்துக்கு முந்தைய பிள்ளையைவிட ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று கண்டார்கள். ஒன்றரை நிமிஷம் என்றால் சின்னதாகத் தெரியும். ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தூரம் என்று புரியும்.

2019-ல் உலக சுகாதார நிறுவனம் 146 நாடுகளின் கணக்கை வெளியிட்டது. பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. அந்தப் பட்டியலில் இந்தியா மற்ற நாடுகளைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. அப்படியும் நம் பிள்ளைகளில் நாலில் மூன்று பேர் தேறவில்லை.

எனக்கு இந்த எண்களைவிட எங்கள் மைதானமே போதும். சுண்ணாம்புத் தூளில் போட்ட 200 மீட்டர் சுற்று. மூன்று சுற்று ஓடினால் 600 மீட்டர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்பதாம் வகுப்புப் பையன்களை ஓடவிட்டால் நடுவில் நடப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இப்போது நடக்காமல் ஓடி முடிப்பவர்களை எண்ணுவதுதான் சுலபமாக இருக்கிறது.

என் மகன் ஒல்லியாகத்தான் இருக்கிறான். அப்புறம் அவனுக்கு என்ன கவலை?

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். எடையைப் பார்த்து உடல்திறனைச் சொல்ல முடியாது. எங்கள் மூன்று சுற்று ஓட்டத்தில் முதலில் இடுப்பில் கைவைத்து நிற்பவர்களில் பாதிப்பேர் ஒல்லிப் பையன்கள்தான். வெளியே ஒல்லி; உள்ளே தசையும் இல்லை, மூச்சும் இல்லை. கையும் காலும் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் லேசாகத் தள்ளியிருக்கிற பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உடல்திறன் என்று நாங்கள் பார்ப்பது சில தனித்தனி விஷயங்களை. நீண்ட நேரம் ஓட மூச்சு இருக்கிறதா? வேகம் எப்படி? கையிலும் வயிற்றிலும் பலம் இருக்கிறதா? உடம்பு வளைகிறதா? மத்திய அரசின் விளையாட்டு வளர்ச்சித் திட்டமான கேலோ இந்தியாவில் நாலாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை உள்ளவர்களுக்கு வைக்கிற சோதனைகளும் இவைதான்: 50 மீட்டர் வேக ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது, வயிற்றுத் தசைக்கு ஒரு பயிற்சி, தண்டால். உயரமும் எடையும் பார்ப்பார்கள், ஆனால் அது பல அளவுகளில் ஒன்றுதான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். காலை நீட்டி உட்காரச் சொல்லி, முட்டியை மடக்காமல் கால்விரலைத் தொடச் சொல்லுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடுவதை நான் தினமும் பார்க்கிறேன். அதே வீட்டில் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுகிற பாட்டி சாதாரணமாகத் தொட்டுவிடுவார்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடியாட வேண்டும்?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு, வாரம் முழுக்கச் சராசரியாகப் பார்த்தால் தினமும் 60 நிமிஷம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலும் மூச்சு வாங்குகிற மாதிரியான ஆட்டம், தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுக்கிற குதித்தல், ஏறுதல் போன்றவை வாரத்தில் மூன்று நாளாவது இருக்க வேண்டும். ஒரே மூச்சில் அறுபது நிமிஷம் என்று அர்த்தமில்லை. சைக்கிளில் பள்ளிக்கு வருவது, இடைவேளையில் ஓடிப்பிடிப்பது எல்லாம் சேரும்.

இனி பள்ளிக் கணக்குக்கு வருவோம். வாரத்துக்கு 40 பீரியட். ஒரு வகுப்புக்கு என் பங்கு இரண்டு. ஒரு பீரியட் 45 நிமிஷம் என்றால் மொத்தம் 90 நிமிஷம். காகிதத்தில்தான் அது 90.

ஒருநாள் சந்தேகம் வந்து, எட்டாம் வகுப்பில் ஒரு பையனை மட்டும் ஸ்டாப்வாட்ச் வைத்துக் கவனித்தேன். அவனுக்கே தெரியாது. வகுப்பிலிருந்து வரிசையாக இறங்கி வர, வருகை எடுக்க, பந்து மட்டையைக் கொண்டுவர 12 நிமிஷம். யார் எந்த டீம் என்று சண்டை 5 நிமிஷம். அப்புறம் கிரிக்கெட். இவனை வேப்பமரத்துப் பக்கம் நிறுத்தினார்கள். பந்து இவன் பக்கம் மூன்று தடவை வந்தது. ஒரு தடவை பக்கத்தில் நின்றவன் எடுத்துப் போட்டுவிட்டான். பேட்டிங் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தப் பையன் உண்மையாகவே ஓடிய நேரம் இரண்டு நிமிஷம்கூடத் தேறாது. இத்தனைக்கும் அது என் பீரியட், நானே நின்று நடத்தியது.

ஒரு பந்து, அறுபது பிள்ளைகள். நன்றாக ஆடுகிற பத்துப் பேருக்கே பந்து திரும்பத் திரும்பப் போகிறது. அவர்களுக்கு உடற்கல்வி வகுப்பே தேவையில்லை. சாயங்காலம் தெருவிலும் ஆடத்தான் போகிறார்கள். மரத்தடியில் நிற்கிற ஐம்பது பேருக்குத்தான் அந்த வகுப்பு. அன்றிலிருந்து முதல் 15 நிமிஷம் பந்தை வெளியே எடுப்பதில்லை. எல்லோரும் ஓட்டம், ஸ்கிப்பிங், நண்டு நடை, தொடர் ஓட்டம். பையன்கள் "சார், பந்து சார்" என்று ஒரு மாதம் நச்சரித்தார்கள். பழகிவிட்டது.

பி.இ.டி. பீரியடைக் கணக்கு சாரோ அறிவியல் டீச்சரோ எடுத்துக்கொள்கிறார்களாம். நாங்கள் போய்க் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். கேட்க வேண்டும். இது எங்கள் மாநிலத்தில் ஊரறிந்த ரகசியம். விளையாட்டுத் துறை அமைச்சரே மேடையேறி, உடற்கல்வி வகுப்பைக் கடன் வாங்காதீர்கள் என்று சொல்லும் அளவுக்குப் போன விஷயம்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். "சார், போர்ஷன் முடியல, இன்னைக்கு ஒரு நாள்" என்று வருவார்கள். நானும் சரி என்று விட்டுக்கொடுத்திருக்கிறேன், ஒரு முறை இரண்டு முறை இல்லை. அந்த நேரத்தில் என்னை ஆபீஸ் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்: இலவசப் பாடப்புத்தகம் எண்ணி வைப்பது, விழாவுக்குப் பந்தல்காரரிடம் பேசுவது, பேருந்து பாஸ் விண்ணப்பம் சரிபார்ப்பது. ஜனவரி பிறந்துவிட்டால் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் மைதானத்தை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்றால், 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநராவது வேண்டும் என்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ. 2018-19-லிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தினமும் ஒரு விளையாட்டு பீரியடைக் கட்டாயமாக்கியது. உங்கள் பிள்ளை சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கிறான் என்றால், டைம்டேபிளில் அது இருக்கிறதா என்று நோட்டைத் திறந்து பாருங்கள்.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசும்போது இதையும் பேசுங்கள். 'விளையாட்டுக்கு முக்கியத்துவம் தர வேண்டும்' என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். "போன மாதம் 7-பி பிள்ளைகள் எத்தனை பீரியட் மைதானத்துக்குப் போனார்கள்?" என்று எண்ணாகக் கேளுங்கள். எண்ணைக் கேட்டால்தான் பதில் வரும்.

விளையாடிக்கொண்டே இருந்தால் மார்க் குறைந்துவிடாதா?

இதுவரை யாரும் அப்படி நிரூபிக்கவில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-ல் ஐம்பது ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. பள்ளியில் உடலுழைப்புக்கும் படிப்புக்கும் இடையில் பார்த்த தொடர்புகளில் பாதிக்குமேல் நல்ல பக்கம் இருந்தன, மீதியில் பெரும்பாலானவற்றில் வித்தியாசமில்லை. படிப்புக்குக் கெடுதல் என்று தெரிந்தவை நூற்றுக்கு ஒன்றரைதான்.

விளையாடினால் மார்க் கூடும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். குறையாது, அவ்வளவுதான். மார்க்குக்காக மட்டும்தான் விளையாட்டு என்று சொல்லிக் கொடுத்தால், மார்க் கூடாத வருஷம் மட்டையைப் பிடுங்கிவிடுவீர்கள்.

மகள் ஏழாவது வரை நன்றாக ஓடினாள். இப்போது மைதானம் என்றாலே முகத்தைச் சுளிக்கிறாள். ஏன்?

சோம்பல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் ஆண் ஆசிரியர். இதில் பாதியை என் மனைவி சொல்லித்தான் கற்றேன், மீதியைப் பெண் பிள்ளைகள் ஒரு ஆசிரியையிடம் சொல்லி, அவர் என்னிடம் சொன்னார்.

உடைதான் முதல் பிரச்சினை. சுடிதாருக்கு மேல் கோட்டும் போட்டுக்கொண்டு நீளம் தாண்டச் சொன்னால் எப்படித் தாண்டுவாள்? பி.டி. நாளில் டி-ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் போட்டு வரலாம் என்று தலைமையாசிரியரிடம் ஒரு வருஷம் மன்றாடி வாங்கினேன். அதற்கு அடுத்த வாரமே எறிபந்துக்குப் பத்துப் பேர் கூடுதலாக வந்தார்கள். வேறெதையும் நான் மாற்றவில்லை.

இன்னொன்று, மைதானத்தின் நடுவை எப்போதும் பையன்கள் பிடித்துக்கொள்வது. பெண் பிள்ளைகளுக்கு ஓரத்தில் ஒரு கீற்று. அங்கேயும் பந்து வந்து விழும், சிரிப்பும் வரும். வாரத்தில் ஒரு நாள் மைதானம் முழுக்கப் பெண்களுக்கு என்று வைத்தால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. பையன்கள் அன்று சதுரங்கம் ஆடட்டும், ஒன்றும் குறைந்துவிடாது.

மாதவிடாய் நாட்களில் விளையாடலாமா என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். அவளுக்கு முடிந்தால் ஆடலாம். தடை ஒன்றும் இல்லை. வலி இருந்தால் உட்காரட்டும். அதற்கு என்னிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். உண்மையான தடை, பள்ளியில் தண்ணீர் வராத கழிப்பறை.

அப்புறம் இரத்தசோகை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருந்தது. பையன்களில் 31. இரண்டு சுற்றில் தலை சுற்றுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், இன்னும் முயற்சி செய் என்று விரட்டுவது தவறு. ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். பள்ளியில் வாரத்துக்கு ஒன்று கொடுக்கிற நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை எத்தனை பிள்ளைகள் மென்று துப்பாமல் விழுங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ள வேண்டும், கூடவே டீ குடிக்கக் கூடாது.

முன்னால் சொன்ன 146 நாட்டுக் கணக்கில் ஒரு செய்தி என்னை உறுத்தியது. உலகம் முழுக்கப் பையன்களைவிடப் பெண்கள் குறைவாகவே உடலை அசைக்கிறார்கள். இந்தியாவிலும் வங்கதேசத்திலும் பெண்களின் நிலை மற்ற நாடுகளைவிடக் கொஞ்சம் மேல். வீட்டு வேலை செய்வது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். துடைப்பமும் தண்ணீர்க் குடமும்தான் நம் பெண்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறதாம். இதைப் படித்துச் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை.

பையன் குண்டாக இருக்கிறான். கேலி செய்கிறார்கள் என்று பி.டி. நாளில் லீவு போடுகிறான்.

அவனை வேடிக்கைப் பொருளாக்கியதில் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்கிருக்கிறது. லேட்டாக வந்தால் நாலு சுற்று, பேசினால் ஐம்பது தோப்புக்கரணம். ஓட்டத்தை நாங்களே தண்டனையாக்கி வைத்துவிட்டு, ஓட்டம் பிடிக்கவில்லை என்றால் பிள்ளைமேல் பழி போடுகிறோம். பத்து வருஷம் நானும் அப்படித்தான் செய்தேன்.

அவனை முதலில் எல்லோர் முன்னாலும் ஓடவிட வேண்டாம். குண்டு எறிதல், கயிறு இழுத்தல், நீச்சல் என்று அவன் உடம்புக்கு லாபமான இடத்தில் தொடங்கலாம். ஓட்டத்துக்கு ஒரு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை. வீட்டில் நீங்கள் எடை மிஷினை ஒளித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு எடை இறங்காமலே மூச்சு கூடும். அதுவே பெரிய லாபம். சாப்பாட்டு விஷயம் தனிக்கதை, அதற்கு மருத்துவரைப் பாருங்கள். மாலையில் வாங்கிக் கொடுக்கிற பஃப்ஸும் குளிர்பானமும் நிறுத்த மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆஸ்துமா இருக்கிறது. விளையாட விடலாமா?

மருத்துவர் சொல்லும்படி இன்ஹேலர் எடுத்துக்கொண்டால் பெரும்பாலான பிள்ளைகள் விளையாடலாம். இன்ஹேலர் பிள்ளையின் பாக்கெட்டிலோ என்னிடமோ இருக்க வேண்டும், மாடி வகுப்பறையில் பைக்குள் இருந்து பயனில்லை. ஆஸ்துமாவோ, இதயக் கோளாறோ, வலிப்போ எதுவானாலும் பள்ளி தொடங்கும்போதே உடற்கல்வி ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடம் சொன்னது எங்களுக்கு வந்து சேர்வதில்லை.

எங்கள் பள்ளியில் மைதானமே இல்லை. என்ன செய்வது?

ஊர்ப் பள்ளிகளுக்கு இடம் இருக்கிறது, ஆசிரியர் இல்லை. நகரத்தில் ஆசிரியர் இருக்கிறார், இடம் இல்லை. மூன்று மாடிக் கட்டடத்தில், வேன் நிறுத்துகிற இடத்தையே மைதானம் என்று காட்டும் பள்ளிகள் எத்தனையோ.

இருந்தாலும் இடமில்லை என்பது முழுக்காரணம் ஆகாது. 20 மீட்டர் நீளம் கிடைத்தால் போதும். பீப் சத்தத்துக்கு இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் ஓடித் திரும்புகிற சோதனையை அதிலேயே நடத்தலாம். ஆளுக்கொரு ஸ்கிப்பிங் கயிறு இருந்தால் ஐந்து நிமிஷத்தில் அத்தனை பேருக்கும் வியர்த்துவிடும். பாண்டி ஆடக் கட்டங்கள் பத்துக்குச் சுண்ணாம்புக்கட்டி ஒன்று போதும். ஒற்றைக்காலில் நொண்டிக் குதிப்பது எலும்புக்கு அருமையான பயிற்சி. கபடிக்கும் கிளித்தட்டுக்கும் பந்தே வேண்டாம். கிளித்தட்டில் மரத்தடியில் நிற்க இடமே கிடையாது, ஒவ்வொரு கோட்டிலும் ஒருவன் ஓடியாக வேண்டும். அறுபது பேர் வகுப்புக்கு அதைவிடப் பொருத்தமான ஆட்டம் எனக்குத் தெரியவில்லை. வளையப்பந்தையும் மறந்துவிட்டோம், ஒரு ரப்பர் வளையமும் ஒரு கயிறும் இருந்தால் மொட்டைமாடியிலேயே ஆடலாம்.

தினமும் யோகா செய்கிறார்களே, அது போதாதா?

வளைவதற்கும் மனம் அடங்குவதற்கும் நல்லது. மூச்சு வாங்க ஓடுவதன் வேலையை அது செய்யாது. இரண்டும் வேண்டும்.

கிரிக்கெட் அகாடமியில் சேர்த்திருக்கிறோம். மாதம் பணம் கட்டுகிறோம். இனி பள்ளியில் எதற்கு?

நல்ல விஷயம், தொடருங்கள். ஆனால் ஒரு தடவை வேலிக்கு வெளியே நின்று, நான் செய்த மாதிரி உங்கள் பிள்ளையை மட்டும் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். நெட்டில் தன் முறைக்குக் காத்திருப்பதே பாதி நேரம். பத்து வயதிலேயே ஒரே ஆட்டம், ஒரே கை, ஒரே தோள் என்று போவதில் காயமும் வரும், சலிப்பும் வரும். பன்னிரண்டு பதின்மூன்று வயது வரை எல்லாவற்றையும் ஆடட்டும்.

சுற்றுவட்டப் பள்ளிகள் மோதுகிற குறுவட்டப் போட்டியில் ஜெயித்தோமா என்பதை வைத்து எங்களை எடைபோடுவதும் இதே கதைதான். கோப்பை வாங்கித் தருகிற பன்னிரண்டு பேரோடு ஆசிரியர் ஓடிக்கொண்டே இருந்தால் மற்ற ஆயிரம் பேரை யார் பார்ப்பது? தலைமையாசிரியர் அறை அலமாரியில் கோப்பை நிறைய இருக்கும் பள்ளியில்தான் பிள்ளைகள் நல்ல உடல்திறனோடு இருப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள்.

பதினைந்து வயது. ஜிம்முக்குப் போகணும் என்கிறான். உயரம் நின்றுவிடுமா? புரோட்டீன் பவுடர் வாங்கித் தரலாமா?

உயரம் நிற்காது. சரியாகச் சொல்லிக் கொடுக்கிற ஆள் பக்கத்தில் இருந்து, குறைந்த எடையில், நிலை சரியாக வந்த பிறகு கூட்டினால் பதின்ம வயதில் எடைப்பயிற்சி பாதுகாப்பானதே. ஆபத்து எங்கே என்றால், பக்கத்தில் நிற்கும் அண்ணனுக்குப் போட்டியாகத் தூக்குவதிலும், ரீல்ஸில் பார்த்ததைச் செய்வதிலும். முதலில் பத்துத் தண்டால் ஒழுங்காகப் போடட்டும், கம்பியில் இரண்டு தடவை தாடை வரை ஏறட்டும். அது முடிந்த பிறகு ஜிம் காசு கொடுக்கலாம்.

பவுடர் வேண்டாம். முட்டை, பயறு, கடலை, மீன், பால், தயிர் எது வீட்டுக்கு ஒத்துவருகிறதோ அது போதும். சத்துணவில் கொடுக்கும் முட்டையை வெட்கப்பட்டு வாங்காமல் வந்துவிட்டு, சாயங்காலம் டப்பா பவுடர் விலை விசாரிக்கிற பையன்கள் என்னிடமே இருக்கிறார்கள்.

போனைப் பிடுங்கினால் சரியாகிவிடுமா?

பிடுங்கிய நேரத்தில் என்ன செய்வான் என்பதற்கு உங்களிடம் பதில் இருந்தால் சரியாகும். இல்லையென்றால் டி.வி.க்குப் போவான். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த ஒன்றரை வருஷத்துக்குமேல் நாமே போனைக் கையில் கொடுத்து உட்காரவைத்தோம். திரும்பி வந்தவர்களில் சிலருக்கு ஓடும்போது கையை எப்படி வீசுவது என்பதே மறந்திருந்தது.

வெளியே அனுப்ப இன்னொரு காரணமும் சொல்கிறேன். சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினமும் 40 நிமிஷம் கூடுதலாகத் திறந்தவெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் நூற்றுக்கு 30 பேர், மற்றப் பள்ளிகளில் 40 பேருக்குக் கொஞ்சம் குறைவு. 2015-ல் வெளியான ஆய்வு. கண்ணாடி செலவை நினைத்தாவது வெளியே விடுங்கள்.

வெயிலில் ஓடவிடலாமா?

காலை ஒன்பதரைக்குள், இல்லையென்றால் மாலை நாலுக்குமேல். நடுவில் மாட்டிக்கொண்ட பீரியட் என்றால் நிழலில் ஸ்கிப்பிங், வராண்டாவில் தண்டால். ஏப்ரலில் மதியம் மூன்று சுற்று ஓடவிடுகிற ஆசிரியரை நீங்கள் கேள்வி கேட்கலாம், கோபித்துக்கொள்ளமாட்டோம். தண்ணீர் பாட்டில் மட்டும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.

படித்து முடித்து வேலைக்குப் போனால் இதெல்லாம் யாருக்கு வேண்டும்?

வேலையே இதைக் கேட்கிறது. ஒவ்வொரு வருஷமும் போலீஸ் தேர்வு அறிவிப்பு வந்ததும் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வருவார்கள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பையன்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்துக்குள். மலையைப் புரட்டுகிற வேலை ஒன்றும் இல்லை. ஒரு சாதாரண பத்தாம் வகுப்புப் பையன், ஒழுங்காகப் பழகியிருந்தால், ஓடி முடித்துவிடக்கூடிய வேகம்.

போன தடவை வந்தவனுக்கு 23 வயது. எங்கள் சுற்றில் ஏழரைச் சுற்று ஓட வேண்டும். நாலாவது சுற்றில் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "மூணு வாரம் இருக்கு சார், ரெடி பண்ணிடலாமா?" என்றான். பத்தாம் வகுப்பில் அவனுடைய பீரியடைப் பொதுத்தேர்வுக்காக விட்டுக்கொடுத்தவன் நான்தான். மூன்று வாரத்தில் முடியவில்லை. அடுத்த வருஷத் தேர்வுக்கு இப்போதும் வந்துகொண்டிருக்கிறான். ஏழரைச் சுற்றையும் நிற்காமல் முடிக்கிறான், நேரத்தில்தான் இன்னும் 20 விநாடி குறைக்க வேண்டும்.

வீட்டில் நாங்கள் என்ன செய்ய முடியும்? முன்னேறுகிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடைக்கு அனுப்புங்கள், நடந்து. ஒரு கிலோமீட்டர் தூரத்துப் பள்ளிக்கு வண்டியில் கொண்டுபோய் இறக்காதீர்கள். சாலை பயமாக இருந்தால், தெருவில் நாலு பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பெரியவர் கூட நடக்கலாம். பிளஸ் ஒன்னில் அரசு தருகிற சைக்கிளை விற்காமல் ஓட்டச் சொல்லுங்கள். நீங்களும் சேர்ந்து இறங்கினால் நல்லது. அப்பா மூச்சு வாங்குவதைப் பார்ப்பதில் பிள்ளைகளுக்குத் தனி உற்சாகம்.

முன்னேற்றத்துக்கு ஒரு நோட்டு போதும். ஜூனில் ஒரு தடவை, அக்டோபரில் ஒரு தடவை, பிப்ரவரியில் ஒரு தடவை: 600 மீட்டருக்கு எத்தனை நிமிஷம், தண்டால் எத்தனை, விரல் எதுவரை எட்டுகிறது. அதே இடம், அதே காலை நேரம், அதே செருப்போ ஷூவோ. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணை அந்த நோட்டில் எழுதக் கூடாது.

நான் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்த மரத்தடிப் பையனுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. ஜூனில் 4 நிமிஷம் 25 விநாடி. கடைசிச் சுற்று முழுக்க நடை. அக்டோபரில் 3 நிமிஷம் 50. பிப்ரவரிப் பக்கத்தில் எண்ணை நான் எழுதவில்லை. என் கையிலிருந்த பேனாவை வாங்கி அவனே எழுதினான். 3.31. அதன் கீழே இரண்டு கோடு.